கழுத்து டிஸ்க் மாற்றிய பிறகும் கையில் நரம்பு வலி நிற்கவில்லையா? படிப்படியாக என்ன செய்யலாம்

எனக்குக் கழுத்தில் டிஸ்க் மாற்றி, அதாவது எலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கும் டிஸ்க்கை எடுத்துவிட்டுச் செயற்கை டிஸ்க் வைத்து, மூன்று வருடம் ஆகிறது. ஐந்தாவது எலும்புக்கும் ஆறாவது எலும்புக்கும் நடுவில். தையல் ஆறியது. எக்ஸ்ரேயில் புது டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் அழகாக உட்கார்ந்திருந்தது. வலது கட்டைவிரல் எரிச்சல் மட்டும் போகவில்லை. காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். கரும்பலகையில் நாலு வரி எழுதினால் போதும், தோளிலிருந்து விரல் நுனி வரை சூடு வைத்த கம்பியை இழுத்தாற்போல ஒரு கோடு ஓடும். அடுத்த வீட்டு ஆச்சி ஒருநாள் கேட்டே விட்டார்: "ஆபரேசன்தான் நல்லபடியா முடிஞ்சிருச்சே டீச்சர், இன்னும் ஏன் கையத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டே நடக்குறீக?"

அதற்குப் பதில் தெரியாமல் ஒரு வருடத்தை வீணாக்கினேன். ஆபரேஷன் சரியாக நடந்ததா, தப்பாக நடந்ததா என்று ஒவ்வொரு ஸ்கேனையும் தூக்கிக்கொண்டு அலைந்ததில், நரம்பு ஆறுகிறதா என்பதை யாரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். டிஸ்க் சரியாக இருந்தும் நரம்பு வலிக்கலாம். அந்த இரண்டாவது கேள்வியைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் எனக்கு வழி கிடைத்தது. நான் டாக்டர் இல்லை. இங்கே சொல்லும் மருந்து அளவுகளை உங்கள் டாக்டரிடம் பேசுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், கடையில் வாங்குவதற்கு அல்ல.

முதலில் அவசரத்தைத் தள்ளி வையுங்கள்

கையிலோ காலிலோ திடீரென்று பலம் போவது, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, மூச்சு விடச் சிரமம், விழுந்து அடிபட்ட பிறகு கை கால் மரத்துப்போவது: இவற்றுக்கு 108ஐக் கூப்பிடுங்கள், மேலே படிக்க வேண்டாம்.

இன்னும் சில அறிகுறிகள் மெதுவாக வரும், அதனாலேயே ஏமாற்றும். இரண்டு கைகளும் தடுமாறி ஜாக்கெட் ஊக்கு மாட்ட முடியாமல் போவது, கையெழுத்து மாறுவது, நடக்கும்போது குடித்தவர்போலக் கால் தள்ளாடுவது, தலையைக் குனிந்தால் முதுகுத்தண்டு வழியாக ஷாக் இறங்குவது. இவை தண்டுவடமே நசுங்குவதைக் காட்டலாம். காய்ச்சலோடு கழுத்து வலி, தையல் இடத்தில் சிவப்பு அல்லது நீர் வடிதல், நாளுக்கு நாள் விழுங்குவது கடினமாவது ஆகியவையும் இந்த வரிசையில்தான் சேரும். ஆபரேஷன் செய்த இடத்துக்கு அன்றைக்கே போன் செய்ய வேண்டும், அடுத்த செக்கப் தேதி வரட்டும் என்று இருக்கக்கூடாது.

ஏன் இன்னும் வலிக்கிறது

பழைய தேக்குப் பெட்டகத்தை இடம் மாற்றிப் பார்த்திருக்கிறீர்களா? தூக்கி வைத்த பிறகும் அடியில் கிடந்த ஜமுக்காளத்தில் அதன் தடம் அப்படியே நிற்கும். பல மாதம் நசுங்கிக் கிடந்த நரம்பும் அப்படித்தான். பாரம் இறங்கிவிட்டது, ஆனால் நரம்பின் உறையும் சில சமயம் உள்ளே இருக்கும் இழையும் அடிபட்டிருக்கின்றன. அடிபட்ட நரம்பு யாரும் தொடாமலேயே சமிக்ஞை அனுப்பும். அதைக் கேட்டுக் கேட்டுத் தண்டுவடமும் மூளையும் சின்னச் சத்தத்தையும் பெரிதாக்கிக் கேட்கப் பழகிவிடும்.

உறை மட்டும் அடிபட்டிருந்தால் சில வாரம் முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் சரியாகும். இழையே அறுந்திருந்தால் அது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். கழுத்திலிருந்து விரலுக்கு 70 சென்டிமீட்டர் என்று வையுங்கள். நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம், இரண்டு வருடம் வரை போகும். மரத்துக் கிடந்த விரலில் எறும்பு ஊர்வது போல ஆரம்பித்தால் பயப்படாதீர்கள், பல நேரம் அது உயிர் திரும்புவதன் அடையாளம். பலமும் சேர்ந்து குறைந்தால்தான் கவலை.

அதற்காகச் சும்மா காத்திருக்கச் சொல்லவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதம் தாண்டியும் நிற்கும் வலியை மருத்துவ உலகமே நாள்பட்ட வலி என்று தனியாக வகைப்படுத்தியிருக்கிறது. "இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்" என்ற பேச்சை மூன்று மாதத்தோடு நிறுத்திவிட்டு வலிக்கே தனி வைத்தியம் கேட்கலாம்.

எந்த விரல், எந்த மாதிரி வலி

இந்த ஒரு வேலையை நிதானமாகச் செய்யுங்கள். டாக்டர் அறையில் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் "கை வலிக்குது" என்று சொன்னால் எதுவும் நடக்காது.

கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகளுக்கு எண் வைத்திருக்கிறார்கள். ஐந்தாவது நரம்பின் வலி தோள்பட்டையிலும் மேல்கையின் வெளிப்பக்கத்திலும் நிற்கும். ஆறாவது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் போகும். ஏழாவது நடுவிரலுக்கு, முழங்கையை நீட்டித் தள்ளும் பலமும் அதைச் சேர்ந்தது. எட்டாவது சுண்டுவிரல், மோதிரவிரல் பக்கம். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும் என்றாலும் இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொள்ளலாம். ஆபரேஷன் நடந்தது ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில், அதாவது ஆறாவது நரம்புக்காக, வலியோ சுண்டுவிரலில் என்று வையுங்கள். அப்படியென்றால் வேறு ஏதோ நடக்கிறது, டாக்டர் வேறு இடத்தைத் தேட வேண்டும்.

அடுத்தது வலியின் குணம். எரிச்சல், ஷாக், ஊசி குத்தல், மதமதப்பு, சேலை பட்டாலே கூசுவது: இவை நரம்பு பேசும் பாஷை. குடைச்சல், உளைச்சல், அழுத்தினால் இதமாக இருப்பது பெரும்பாலும் தசையும் மூட்டும். டிஸ்க் மாற்றும்போது அமுங்கிப்போன இடைவெளியை உயர்த்தி வைப்பதால் பின்பக்க மூட்டுகளும் தசைகளும் இழுபட்டு, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் சில வாரம் குடையும். அது வேறு, விரல் எரிச்சல் வேறு. எனக்கு இரண்டும் இருந்தன, நான் இரண்டையும் ஒரே பெயரில் சொல்லிக் குழப்பினேன்.

வீட்டிலேயே கவனிக்க இரண்டு குறிப்புகள். கையைத் தூக்கித் தலைமேல் வைத்தால் வலி குறைந்தால் அது பெரும்பாலும் கழுத்து நரம்பு; அந்த நிலையில் நரம்பின் இழுப்பு தளரும். (நான் இப்படி உட்கார்ந்தால் எங்கள் அப்பத்தாவுக்குப் பிடிக்காது. "தலையில கைய வச்சு உக்காராத, குடும்பத்துக்கு ஆகாது" என்பார். வைத்தியம் என்று சொல்லி ஒருவழியாக அனுமதி வாங்கினேன்.) மாறாக, நடுராத்திரி விரல்கள் மரத்துப்போய் எழுந்து, கையை உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டுக்குள் நரம்பு நெருக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். கழுத்தில் ஒரு நெருக்கல், மணிக்கட்டில் ஒரு நெருக்கல் என்று ஒரே ஆளுக்கு இரண்டும் இருப்பதும் உண்டு. மணிக்கட்டுக் கோளாறு கழுத்து டிஸ்க்கை மாற்றியதால் போகாது.

முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோகவே முடியவில்லை, யாராவது பிடித்துத் தூக்கினாலும் கை மேலே போகவில்லை என்றால் தோள் மூட்டு இறுகியிருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது அதிகம் வரும்.

ஒரு நோட்டு போடுங்கள்

செட்டிநாட்டில் கணக்கு எழுதாத வீடு கிடையாது. எங்கள் வீட்டில் பழைய மொய் நோட்டு ஒன்றில் பின்பக்கம் காலியாகக் கிடந்தது, அதில்தான் எழுதினேன். தேதி, பத்துக்கு எத்தனை வலி, எந்த விரல், அதற்கு முன் என்ன செய்தேன், எத்தனை மணி நேரம் தூங்கினேன், எந்த மாத்திரை. அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒரு வரி. அதற்கு மேல் எழுதினால் நாள் முழுக்க வலியையே பார்த்துக்கொண்டிருக்கும் புத்தி வந்துவிடும்.

மூன்று வாரத்தில் எனக்கு ஒன்று தெரிந்தது. வலி கூடிய நாட்கள் எல்லாம் விடைத்தாள் திருத்திய நாட்கள் என்று நினைத்திருந்தேன். நோட்டு வேறு சொன்னது: கரும்பலகையின் மேல் பாதியில் எழுதிய நாட்கள், பரணிலிருந்து சாமான் இறக்கிய நாட்கள், கொடியில் துணி போட்ட நாட்கள். குனிந்தபோது இல்லை, அண்ணாந்தபோதுதான். கழுத்தைப் பின்னால் சாய்க்கும்போது நரம்பு வெளியே வரும் துளை சுருங்கும். அந்தத் துளையில் கொஞ்சம் நெருக்கம் மிச்சம் இருந்தால் அண்ணாந்து பார்ப்பதுதான் முதல் எதிரி. உங்கள் நோட்டு வேறு மாதிரி சொல்லலாம்.

நோட்டோடு மறுபடி டாக்டரிடம்

கேட்க வேண்டியவை இவை. டிஸ்க் இடம் நகர்ந்திருக்கிறதா, எலும்புக்குள் இறங்கியிருக்கிறதா? நரம்புத் துளையில் எலும்பு முள் மிச்சம் இருக்கிறதா? மேலும் கீழும் உள்ள டிஸ்க்குகள் எப்படி? புது டிஸ்க்கைச் சுற்றி எலும்பு வளர்ந்து அசைவைக் கட்டிவிட்டதா?

இதற்கு முதல் படி, கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் சாதாரண எக்ஸ்ரே. அப்புறம் எம்ஆர்ஐ. டிஸ்க் எந்த உலோகம் என்று தெரிந்துகொள்வது நல்லது. கோபால்ட் குரோமியம் எம்ஆர்ஐ படத்தில் பெரிய நிழல் அடிக்கும், டைட்டானியம் குறைவாக அடிக்கும். நிழல் மறைத்த இடத்தைப் பார்க்கச் சிடி ஸ்கேன் எடுப்பார்கள். ஆபரேஷன் அன்று கொடுத்த இம்ப்ளான்ட் அட்டையைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் சென்டரில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

நரம்பு ஓட்டச் சோதனை கழுத்தா மணிக்கட்டா என்று பிரித்துக் காட்டும். ஊசி போட்டுத் தசையைச் சோதிக்கும் பகுதியில் புதுச் சேதம் தெரிய மூன்று வாரமாவது ஆகும், அதனால் வலி கூடிய மறுநாளே ஓட வேண்டாம். கூடவே சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, தைராய்டு, வைட்டமின் பி12 ஆகிய இரத்தப் பரிசோதனைகளையும் செய்துவிடுங்கள். பல வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும் சுத்த சைவக்காரர்களுக்கும் பி12 குறைந்திருப்பது சாதாரணம். அந்தக் குறையே கையையும் காலையும் எரிய வைக்கும்.

மருந்து: எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக்கூடாது

பாரசிட்டமாலும் டைக்ளோஃபெனாக்கும் நரம்பு வலிக்குப் பெரிதாக உதவாது. மாதக்கணக்கில் டைக்ளோஃபெனாக் விழுங்கி வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொண்டவர்களை எங்கள் தெருவிலேயே காட்டுவேன்.

நரம்பு வலிக்கு முதலில் வருவது இரண்டு வகை. ஒன்று காபாபென்டின், பிரிகாபலின். எனக்கு இரவில் 75 மில்லிகிராம் பிரிகாபலினில் ஆரம்பித்தார்கள். முதல் வாரம் தலை கிறுகிறுத்தது, வகுப்பில் ஒரு பையனின் பெயரே மறந்துபோனது. போகப்போகச் சரியானது. எடை கூடும், கால் வீங்கலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், கட்டாயம் சொல்லுங்கள். வயிற்று எரிச்சலுக்கு அலுமினியம், மெக்னீசியம் கலந்த அமிலக்குறைப்பு மருந்து குடிப்பவர்கள் காபாபென்டினுக்கும் அதற்கும் நடுவில் இரண்டு மணி நேரம் விட வேண்டும்.

இன்னொரு வகை அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின், டுலாக்செடின். மனச்சோர்வுக்கும் கொடுப்பார்கள் என்பதால் சீட்டைப் பார்த்து, "என்னைப் பைத்தியம்னு நினைச்சுட்டாரா" என்று கோபப்படாதீர்கள். வலிச் சமிக்ஞையைத் தணிக்கும் வேலையும் அவற்றுக்கு உண்டு. அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் இரவில் என்று ஆரம்பிப்பது வழக்கம். வாய் காயும், மலம் இறுகும். கண் அழுத்த நோய், இதயத் துடிப்புக் கோளாறு, புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒரு மருந்தைச் சரியான அளவில் நாலு வாரமாவது பார்த்த பிறகுதான் பலன் இல்லை என்று சொல்லலாம். ஒன்று பலிக்கவில்லை என்றால் அடுத்தது பலிக்கலாம். வலி முழுதாகப் போக வேண்டும் என்று எதிர்பார்த்தால் எந்த மாத்திரையும் தோற்கும். பத்து ஏழாகக் குறைவதே பயனுள்ள மாற்றம் என்று வலி மருத்துவர்கள் கணக்கு வைக்கிறார்கள். ஐந்தாகக் குறைந்தால் நல்ல பலன்.

என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். தேவகோட்டையில் ஒரு கல்யாணம், மூன்று நாள் தங்கல். மாத்திரை அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டேன். "மூணு நாள்தானே" என்று விட்டதில் இரண்டு ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை, வியர்வை, படபடப்பு, வலி பழையபடி. இந்த மருந்துகளைச் சட்டென்று நிறுத்தக்கூடாது, படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். ஊருக்குக் கிளம்பும்போது அட்டையும் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும்.

பிரிகாபலினோடு மதுவோ, தூக்க மாத்திரையோ, ட்ராமடால் போன்ற கடும் வலி மருந்தோ சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம். டுலாக்செடினோடு ட்ராமடால் சேர்வதிலும் ஆபத்து உண்டு. இரண்டு டாக்டர்களிடம் பார்ப்பவர்கள் இரண்டு சீட்டுகளையும் இரண்டு பேரிடமும் காட்ட வேண்டும்.

"நரம்புச் சத்து மாத்திரை" என்று கடையில் கேட்டு வாங்குவது நம் ஊர்ப் பழக்கம். அதில் இருக்கும் மெத்தில்கோபாலமின் பி12இன் ஒரு வடிவம், பி12 குறைந்தவர்களுக்கு நல்லது. ஆனால் பல மாத்திரைகளில் பி6ம் கலந்திருக்கும். அதை அதிக அளவில் பல மாதம் சாப்பிட்டால் அதுவே நரம்பைக் கெடுத்து மரமரப்பைக் கொண்டுவரும். அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

பூசுவதில் இரண்டு சொல்லலாம். மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் களிம்பு அல்லது ஒட்டும் பட்டை, கூச்சம் உள்ள தோலுக்கு. இன்னொன்று கேப்சைசின், மிளகாயின் காரம்தான் அது. மிளகாய் வற்றலில் பிறந்து வளர்ந்த ஊருக்கு இதைச் சொல்ல வேடிக்கையாக இருக்கிறது. மருந்துக் களிம்பைத் தினம் மூன்று நாலு முறை சில வாரம் பூசினால்தான் நரம்பு முனை களைத்து அடங்கும், முதல் சில நாள் எரியும். பூசிய கையால் கண்ணைத் தொடாதீர்கள். அம்மியில் அரைத்த மிளகாயைத் தடவிப் பார்க்கும் யோசனை யாருக்காவது வந்தால், வேண்டாம், தோல் வெந்துவிடும்.

கழுத்துக்கும் கைக்கும் பயிற்சி

ஆபரேஷன் செய்தவர் அனுமதித்த பிறகுதான். பெரும்பாலும் ஆறு வாரம் கழித்து. நம்மிடம் உள்ள கெட்ட பழக்கம், வலிக்கும் நரம்பை வெடுக்கென்று இழுத்து நீட்டுவது. இழுக்கக்கூடாது, வழுக்கி ஓட விட வேண்டும்.

கிணற்று ராட்டினத்தில் கயிறு ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கம் ஏறும். அதே மாதிரி. நிமிர்ந்து உட்கார்ந்து, கையைத் தோள் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையை மேலே பார்க்க வையுங்கள். மணிக்கட்டைப் பின்னால் மடக்கும்போது தலையை அதே கைப்பக்கம் மெல்லச் சாய்க்க வேண்டும். மணிக்கட்டைத் தளர்த்தும்போது தலையை மறுபக்கம் சாய்க்க வேண்டும். ஒரு முனை இழுபடும்போது மறு முனை தளர்கிறது, நரம்பு உள்ளே வழுக்குகிறது. ஐந்திலிருந்து பத்து முறை, நாளுக்கு இரண்டு வேளை. லேசான இழுப்புத் தெரியலாம். எரிச்சல் வந்து அடங்காமல் இருந்தால் அன்றைக்குப் போதும். முதல் தடவை பிசியோதெரபிஸ்ட் முன்னால் செய்து காட்டிவிடுங்கள்.

மல்லாந்து படுத்துக்கொண்டு "ஆமாம்" என்று தலையாட்டுவது போல முகவாயை மட்டும் மெல்ல உள்ளிழுத்து ஐந்து எண்ணும் வரை நிறுத்துவது இன்னொன்று. கழுத்தின் ஆழத் தசைகளுக்கான வேலை அது. செய்வதற்குச் சுலபம், அதனாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள்.

தொட்டால் கூசும் விரலுக்கு நான் செய்தது இது. முதலில் பட்டுத்துணி, அப்புறம் பழைய பருத்திச் சேலை, அப்புறம் கண்டாங்கியின் முரட்டு முந்தானை, கடைசியில் தேங்காய்ப்பூத் துண்டு. ஒவ்வொன்றாலும் இரண்டு மூன்று நிமிடம் தடவ வேண்டும், நாளுக்கு மூன்று வேளை. ஒரு துணி பழகிய பிறகே அடுத்தது. பிறகு அரிசிப் பாத்திரத்தில் கையை விட்டு அளைவது. ஒரு மாதத்தில் சாக்பீஸ் பிடிக்க முடிந்தது.

நடை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பத்து நிமிடத்தில் தொடங்கி, வெயில் ஏறுவதற்கு முன் ஊருணிக் கரையில் ஒரு சுற்று.

வீட்டை விட்டுப் போக முடியாதவர்கள் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி கிடைக்குமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். 2021இலிருந்து நடக்கிறது.

வீட்டு வேலையை மாற்றி அடுக்குவது

நம் வீடுகள் கழுத்துக்காகக் கட்டியவை அல்ல. உயரமான கூரை, எட்டாத பரண், ஒட்டடைக் கம்பு, பித்தளைக் குடம், தரையில் அரிவாள்மனை. ஒட்டடை அடிப்பதை முழுதாக விட்டுவிட்டேன், அதற்கு வீட்டில் மற்றவர்கள் இருக்கிறார்கள். துணிக்கொடியைத் தோள் உயரத்துக்கு இறக்கிக் கட்டினோம். தினம் புழங்கும் பாத்திரங்களை இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வரும்படி அடுக்கினேன். அரிவாள்மனையை மேசைக்கு மாற்ற முடியாது, அதனால் கத்தியும் பலகையும். என் மாமியாருக்கு இன்றுவரை அது பிடிக்கவில்லை, "வெங்காயம் ஒரே அளவா வரல" என்பார். உண்மைதான், வருவதில்லை.

12 லிட்டர் குடம் நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 12 கிலோ. அதை ஒற்றை இடுப்பில் தூக்கும்போது தோள் ஒரு பக்கம் இழுக்கும். இரண்டு கைக்கும் இரண்டு சின்ன வாளியாகப் பிரித்துவிடுங்கள், அதுவும் டாக்டர் தூக்கலாம் என்ற பிறகு.

தீபாவளிக்கு முன் தேன்குழல் பிழிவது தனிக் கதை. அச்சை அழுத்தும்போது தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒரே நேரத்தில் பலம் கொடுக்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் முதல் தீபாவளிக்கு வலி இல்லை என்று ஒரே மூச்சில் இரண்டு கிலோ மாவைப் பிழிந்தேன். மறுநாளிலிருந்து ஒன்பது நாள் படுக்கை. நல்ல நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடுவது, அப்புறம் நாலு நாள் கிடப்பது என்ற சுற்றில்தான் பலரும் மாட்டுகிறார்கள். வலி வந்ததும் நிறுத்துவது என்று வைத்துக்கொண்டால் தாமதம். கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துங்கள். இருபது நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் கை ஓய்வு, வலித்தாலும் வலிக்காவிட்டாலும். இப்போது எங்கள் வீட்டில் மாவு பிசைவது நான், அச்சைப் பிழிவது என் வீட்டுக்காரர்.

ராத்திரி

நரம்பு வலி ராத்திரிதான் பெரிதாகத் தெரியும். குப்புறப் படுக்காதீர்கள், கழுத்து ஒரு பக்கம் முறுக்கியே கிடக்கும். ஒருக்களித்துப் படுத்தால் தலையணை காதுக்கும் தோளுக்கும் உள்ள இடைவெளியை நிரப்பும் உயரம் இருக்க வேண்டும். வலிக்கும் கைக்குக் கீழே இன்னொரு தலையணை. கோடையில் ஆத்தங்குடிக் கல் தரையில் வெறும் பாயில் படுப்பது சுகம்தான், ஆனால் எழுந்திருக்கும்போது கழுத்தைத் தூக்காமல் பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி எழ வேண்டும். வெந்நீர்ப் பை வைத்தால் பதினைந்து நிமிடம், துணி சுற்றி. மரத்த இடத்தில் வைக்கவே கூடாது, சூடு தெரியாமல் கொப்புளித்துவிடும்.

பயணம்

மதுரைக்கோ திருச்சிக்கோ ஏறத்தாழ 90 கிலோமீட்டர். பஸ்ஸில் கடைசி சீட்டும் சக்கரத்துக்கு மேலே உள்ள சீட்டும் வேண்டாம், நடுவில் உட்காருங்கள். சென்னைக்குப் பல்லவன் ரயில் என்றால் காலையில் ஏறி மதியம் எழும்பூர். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நின்றுவிடுவேன், சாய்ந்து தூங்க மாட்டேன். பிரிகாபலின் புதிதாக ஆரம்பித்த நாட்களில் ஸ்கூட்டர் ஓட்டக்கூடாது. குன்றக்குடிக்குப் போனால் கோபுரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்காமல் தள்ளி நின்று கும்பிடுங்கள்.

சுளுக்கு எடுப்பது, சலூன், எண்ணெய்

முடிவெட்டும் கடையில் தலையைப் பிடித்து "மடக்"கென்று திருப்புவார்களே, அதை உங்கள் வாழ்நாளில் இனி யாரும் செய்ய விடாதீர்கள். செயற்கை டிஸ்க் இல்லாத ஆளுக்கே மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம். சுளுக்கு எடுப்பவர், வர்மம் பார்ப்பவர், அன்பான பெரியம்மா, யாராக இருந்தாலும் சரி, கழுத்தை உருட்டவோ சொடுக்கவோ வேண்டாம். நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பதில் தப்பில்லை. தோளிலும் கையிலும் மெல்லத் தடவினால் தசை இறுக்கம் தளரும். நரம்பை எண்ணெய் ஆற்றாது, ஆனால் அன்றைக்குத் தூக்கம் வரும், அதுவும் லாபம்தான். வலிக்குத் தோலில் ஒட்டும் மின்தூண்டல் கருவி வாங்கி வைத்திருப்பவர்கள் அதன் பட்டையைக் கழுத்தின் முன்பக்கம் ஒட்டக்கூடாது. இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பயன்படுத்தவே கூடாது.

மனசும் சொந்தக்காரர்களும்

வெளியே தெரியாத வலியை விளக்குவது பெரிய தண்டனை. விசேஷ வீட்டில் பத்துப் பேர் கேட்பார்கள், பத்துப் பேருக்கும் ஸ்கேன் விளக்க முடியாது. ஒரு வரி தயார் செய்துகொண்டேன்: "டிஸ்க் நல்லா இருக்கு, நரம்பு ஆற நாளாகும்." அதற்கு மேல் கேட்டால் பந்திக்குக் கிளம்பிவிடுவேன். வீட்டுக்காரரிடம் மட்டும் நோட்டைக் காட்டினேன். ஏழு என்று எழுதிய நாளில் அவரே சமையலறைக்குப் போய்விடுவார், நான் கேட்க வேண்டியதில்லை. தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் போனால் அதற்கும் டாக்டர் வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

வலி எகிறும் நாளுக்கு

முதலில் இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் உள்ள அவசர அறிகுறிகள் இல்லை என்று பாருங்கள். இல்லையென்றால் வேலையைப் பாதியாகக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். முழு நாள் படுத்தால் கழுத்து இன்னும் இறுகும். கையைத் தலைமேல் வைத்துப் பத்து நிமிடம், டாக்டர் சொன்ன கூடுதல் மாத்திரை, ஊருணிக் கரைக்கு ஒரு குட்டி நடை. நரம்புப் பயிற்சியை ஒரு நாள் விட்டுவிட்டு மறுநாள் பாதி எண்ணிக்கையில் ஆரம்பிக்கலாம். கழுத்துப் பட்டையைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்ளத் தோன்றும். டாக்டர் சொல்லாமல் நாள்கணக்கில் மாட்டினால் தசை மெலிந்துவிடும்.

இவ்வளவும் செய்து குறையாவிட்டால்

வலி மருத்துவர் என்று தனியாக இருக்கிறார்கள், பெரும்பாலும் மயக்க மருந்தியல் படித்தவர்கள். குறிப்பிட்ட நரம்பைச் சுற்றி ஊசி போட்டு, வலி அடங்குகிறதா என்று பார்த்தே அந்த நரம்புதான் என்று உறுதி செய்யலாம். கழுத்தில் ஊசி என்பது இடுப்பில் போடுவதைவிட ஆபத்து கூடியது, அரிதாகப் பெரிய பாதிப்பும் வந்திருக்கிறது. எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி போடுகிறவரா, எத்தனை செய்திருக்கிறார் என்று கேட்கத் தயங்க வேண்டாம். தண்டுவடத்துக்கு மின்தூண்டல் கருவி பொருத்துவது கடைசிப் படி. செலவு லட்சங்களில் போகும். முதலில் சில நாள் தற்காலிகமாகப் பொருத்திப் பார்த்து, வலி பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரமாக வைப்பார்கள்.

மறு ஆபரேஷன் பேச்சு வந்தால் ஒரே கேள்வி: ஸ்கேனில் நெருங்கித் தெரியும் நரம்பும் என் விரலில் வலிக்கும் நரம்பும் ஒன்றுதானா? ஒன்றாக இருந்தால் பின்பக்கமாகப் போய்த் துளையை அகலப்படுத்துவது, டிஸ்க்கை எடுத்துவிட்டு எலும்புகளை இணைப்பது போன்ற வழிகளைப் பேசலாம். ஒன்றாக இல்லை என்றால் கத்திக்கு அங்கே வேலையில்லை. இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கப் போகும்போது ரிப்போர்ட் தாளோடு ஸ்கேன் சிடி, இம்ப்ளான்ட் அட்டை, ஆபரேஷன் குறிப்பின் நகல், டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். ஆபரேஷன் குறிப்பைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. நான் போனபோது தாள் மட்டும்தான் இருந்தது. சிடியை எடுத்துவர மறுபடி ஒரு நாள் லீவு போட்டு மதுரைக்குப் போய்வந்தேன்.